கடலோரத்தில் இனிக்கிற தண்ணீர் உள்நிலத்தில் ஏன் உவர்க்கிறது?

உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டுத் தொடங்குகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். அம்மா யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடமராட்சியில், துன்னாலைக்குத் தெற்கே ஒரு சின்னக் குறிச்சியில் தனியாக இருக்கிறார். கடல் அங்கிருந்து மூன்று கட்டைக்கு, அதாவது மூன்று மைலுக்கு அப்பால். ஆனாலும் வளவுக் கிணறு சில வருடமாக உவர்க்கிறது. மணற்காட்டில் அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் உள்ள சித்தி வீட்டுக் கிணற்றுத் தண்ணீரோ இனிக்கிறது. இது எப்படி என்று கேட்கிறீர்கள். கூடவே, அம்மாவின் வளவில் ஆழமாகக் குழாய்க்கிணறு அடித்தால் நல்ல தண்ணீர் வராதா, கனடாவில் இருந்து அதற்குக் காசு அனுப்பலாமா என்றும் கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: எங்கள் மண்ணில் நல்ல தண்ணீர் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மேலேதான் இருக்கிறது. ஆகவே தம்பி, குழாய்க்கிணறு அடிக்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். குடாநாட்டுக் கிணறுகளுக்குள் ஆழம் பார்க்கிற நாடாவும் உப்பு அளக்கிற மீற்றரும் இறக்கி அளந்ததுதான் முப்பது வருடமாக என் உத்தியோகம்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு ஒன்றும் கிடையாது. வருடத்துக்கு ஏறத்தாழ 1,200, 1,300 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பங்கு ஐப்பசியில் இருந்து மார்கழி வரைக்கும் பெய்கிற வாடைக்காற்று மழை. நாங்கள் குடிப்பதும் இறைப்பதும் அந்த மழைதான். அது மண்ணுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சுண்ணக்கல்லின் வெடிப்பிலும் பொந்திலும் தேங்குகிறது. ஆனால் அந்தக் கல் வெறுமையாக இருக்கவில்லை. மூன்று பக்கமும் கடல், நடுவிலும் கடல்நீரேரி. உப்புத் தண்ணீர் ஏற்கெனவே கல்லுக்குள் வந்து நிற்கிறது. ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் 1,000 கிராம் என்றால் ஒரு லீற்றர் கடல் தண்ணீர் 1,025 கிராம். அந்த 25 கிராம் வித்தியாசத்தில்தான் எங்கள் சீவியமே ஓடுகிறது. பாரம் குறைந்த மழைத் தண்ணீர் பாரம் கூடிய உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு.

இந்தக் கணக்கைக் கேட்டவுடன் பலருக்கும் சந்தோசம் வரும், 40 அடி இருக்கிறதே என்று. திருப்பிப் பாருங்கள். இறைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைத்தீர்கள் என்றால், கீழே இருந்து உப்பு 40 அடி ஏறி வரும். உடனே ஏறாது, மெல்ல மெல்ல வரும். வந்தது திரும்பிப் போக அதைவிட நாள் எடுக்கும். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: 40 என்பது சீரான மண்ணுக்கான கணக்கு. வெடிப்பும் பொந்துமான எங்கள் கல்லில் அது ஊருக்கு ஊர், சில இடத்தில் வளவுக்கு வளவு மாறும். ஒரு வேலிக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீரும் அந்தப் பக்கம் உவரும் கண்டிருக்கிறேன். நல்லது மேலே, உப்புக் கீழே என்ற அடுக்கு மட்டும் எங்கேயும் மாறாது. புத்தூர் நிலாவரைக் கிணற்றிலும் அப்படித்தான். எவ்வளவு இறைத்தும் வற்றாத கிணறு என்று நாங்கள் பெருமைப்படுகிற அதற்குள்ளேயும் மேல்பகுதி நல்ல தண்ணீர், அடியில் உப்பு.

இதை எனக்கு முதலில் படிப்பித்தது பாடப்புத்தகம் அல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நீரேரிக் கரையோரக் குறிச்சி ஒன்றில், ஒரு புரட்டாதி மாதம். கிணற்றில் தண்ணீர் முழங்கால் அளவுதான் நின்றது. மாதிரி எடுக்கிறதற்காக வாளியைக் கயிற்றோடு எறிந்து அமத்தினேன். கிணற்றுக்கட்டில் இருந்த ஆச்சி எழும்பி வந்து கயிற்றை என் கையில் இருந்து வாங்கினா. "வாளியைத் தாக்காதை மோனை. மேலாலை அள்ளு" என்றா. வாளியின் விளிம்பு தண்ணீரில் பட்டதும் கயிற்றை ஒருக்காச் சுண்டினா. வாளி ஒருபக்கம் சரிந்து, மேல் தண்ணீர் மட்டும் உள்ளே வழிந்தது. அரை வாளிதான். அதை இழுத்து ஊற்றிவிட்டு மறுபடி அப்படியே. ஒரு குடம் நிரம்ப நாலைந்து தரம் அள்ள வேண்டியிருந்தது. பிறகு நான் மீற்றரைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தேன். மேலே ஒரு சாண் வரைக்கும் குடிக்கக்கூடிய எண். அதற்குக் கீழே ஒரு முழத்துக்குள் எண் மளமளவென்று ஏறியது. ஆச்சி எந்த மீற்றரும் இல்லாமல் அந்தக் கோட்டைக் கண்டுபிடித்து வைத்திருந்தா. உங்கள் அம்மாவின் வயதுக்காரரைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பகுதியில் இந்தப் பழக்கம் ஒருவருக்காவது நினைவிருக்கும்.

இனி உங்கள் குறிச்சிக்கு வருவோம். கடல் மூன்று கட்டை என்று எழுதினீர்கள். கிழக்குக் கடலை அளந்திருக்கிறீர்கள். தெற்கே பாருங்கள். தொண்டைமானாற்றில் தொடங்கி வடமராட்சியின் முதுகோடு தென்கிழக்காக ஓடுகிற நீரேரி அம்மாவின் வீட்டில் இருந்து எவ்வளவு தூரம்? அந்த வெளி கோடையில் வற்றும்போது வெள்ளையாகப் படிவது உப்புத்தான். கரணவாய்ப் பக்கத்து உப்பைக் கொண்டுபோகத்தான் கருணாகரத் தொண்டைமான் அந்த ஆற்றை வெட்டுவித்தான் என்று ஊரில் கதை சொல்வார்கள். கதை எப்படியும் இருக்கட்டும், உப்பு உண்மை. ஆழம் குறைந்த நீரேரி சோளகக் காற்றிலும் வெயிலிலும் வற்றி வற்றி, கோடையின் கடைசியில் கடலைவிட உப்புக் கூடிப்போகும். நீங்கள் கடலுக்குத் தூரத்தில் இருக்கிறீர்கள், உப்புக்குக் கிட்டத்தில் இருக்கிறீர்கள். அதற்கு மேல், உங்கள் பக்கத்தில் நிலம் தாழ்வு. நிலம் தாழ்ந்தால் அதற்கடியில் தண்ணீர் மட்டமும் தாழ்ந்துதான் நிற்கும். மட்டம் கடலுக்கு மேலே அரை அடியோ முக்கால் அடியோ என்றால், மிதக்கிற நல்ல தண்ணீரின் தடிப்பும் அந்தளவுக்குக் குறையும்.

மணற்காட்டில் நடப்பது வேறு. வல்லிபுரத்தில் இருந்து மணற்காடு, குடத்தனை, அம்பன் என்று கிழக்குக் கரையோடு போவது மணல்மேடு. மழை பெய்தால் அங்கே வாய்க்காலும் ஓடாது, வெள்ளமும் நிற்காது. விழுந்த துளி விழுந்த இடத்திலேயே இறங்கிவிடும். நாலைந்து அடி இறங்கிய பிறகு வெயில் அதைத் தொட முடியாது. மணலுக்குள் தண்ணீர் பக்கவாட்டில் போவதும் மெதுவாகத்தான், சுண்ணக்கல்லின் பொந்துக்குள் ஓடுவது போல ஓடாது. ஆகவே மேட்டின் நடுவில் தண்ணீர் குவிந்து, கடல் மட்டத்தைவிட உயர்ந்து நிற்கிறது. அந்த உயரம் கடலைத் தள்ளி வைக்கிறது. இதனால்தான் அங்கே பூவல் என்கிற ஆழமில்லாத மணற்குழி தோண்டிக் குடிக்க முடிகிறது. சின்ன வயதில் வல்லிபுரக் கோயில் கடல் தீர்த்தத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், மணலைக் கையாலே வாரி ஒதுக்க ஊறி வருகிற தண்ணீர் நாக்கில் உப்பே படாது.

இன்னொரு காரணத்தை யாரும் கவனிப்பதில்லை. மணற்காட்டுச் சனம் கடல்தொழில் செய்கிறது. குடிக்க, சமைக்க, குளிக்க என்று வாளிக் கணக்கில் அள்ளுகிறார்கள். உங்கள் பக்கத்திலோ தோட்டம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறைப்பு மிசின் மணிக்கணக்கில் ஓடுகிறது. மிசினுக்கு முந்திய துலா (ஏற்றம்) காலத்தில் ஒருவர் மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் தண்ணீர் மாற என்று மூன்று ஆள் விடியப்புறம் தொடங்கினாலும், களைத்தால் நிறுத்தித்தான் ஆகவேண்டும். கிணறும் அந்த நேரம் ஊறிக்கொள்ளும். 1990களில் எரிபொருள் தடைப்பட்டு மிசின்கள் ஓய்ந்த வருடங்களில் சில தோட்டங்களில் துலா திரும்பி வந்தது. அந்த வருடங்களில் நீரேரி விளிம்புக் கிணறுகள் சிலவற்றில் உவர்ப்புக் குறைந்ததை நான் என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறேன். போர்க்காலத்தில் ஒழுங்காக அளக்க முடியவில்லை. ஆகவே இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன், கண்டது என்று மட்டும் சொல்வேன்.

சித்தி வீட்டுத் தண்ணீரும் நிரந்தரம் என்று எண்ணிவிடாதீர்கள். 2004 மார்கழி 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது அந்தக் கரைக் கிணறுகள் கடல் தண்ணீரால் நிரம்பின. அள்ளி இறைத்துச் சுத்தம் செய்தால் சரிவரும் என்று பலரும் மோட்டர் வைத்து இறைத்தார்கள். நல்ல மனதோடு செய்த வேலைதான். ஆனால் ஒருக்கால் இறைத்துக் குப்பையை எடுத்துவிட்டு மழைக்கு விட்ட கிணறுகள் முதலில் திரும்பின. விடாமல் இறைத்தவை பிந்தின, கீழே இருந்த உப்பையும் சேர்த்து மேலே இழுத்துவிட்டதால். இப்போது எனக்குப் பயம் கடலைப் பற்றி இல்லை, மணலைப் பற்றி. அந்த மேட்டை அள்ளி லொறியில் ஏற்றுகிறவர்கள் மணலை மட்டும் கொண்டுபோகவில்லை. மேடு தாழ்ந்தால் அதற்குள் குவிந்து நிற்கிற தண்ணீரும் தாழும். தாழ்ந்தால் கடல் உள்ளே வரும். அந்த ஊரின் தண்ணீர்த் தாங்கியே அந்த மேடுதான்.

குழாய்க்கிணற்றைப் பற்றி நேரடியாகவே சொல்கிறேன். உங்கள் குறிச்சி மாதிரியே இன்னொரு விளிம்புக் குறிச்சியில், வெளிநாட்டுப் பிள்ளை ஒருவர் பெற்றாருக்காகக் காசு அனுப்பி அடிப்பித்தார். அடித்தவர்கள் ஆழம் போகப் போக நல்லது என்று உறுதி சொன்னார்களாம். முதல் இரண்டு கிழமை தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது, மேலே இருந்த நல்ல தண்ணீரும் குழாயின் வெளிப்புறத்தால் வடிந்து வந்ததனால். பிறகு உவர்ப்பு. நான் போய்ப் பார்க்கும்போது அந்த வளவுத் தேசிக்காய் மரம் இலை நுனி கருகி நின்றது. பக்கத்து வீட்டுப் பழைய கிணறும் அடுத்த கோடைக்குள் கெட்டுவிட்டது. ஒரு இடத்தில் ஆழத்தில் இருந்து உறிஞ்சினால் உப்பு அந்தக் குழாயடியை நோக்கிக் கூம்பு மாதிரி எழும்பி வரும். அந்தக் கூம்பு வேலியைப் பார்த்து நிற்காது. உப்பின் பலத்தை ஒரு கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். கடல் தண்ணீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 19,000 மில்லிகிராம் குளோரைட் இருக்கிறது. 250ஐத் தாண்டினாலே நாக்குக்குத் தெரியத் தொடங்கும். 100 வாளி நல்ல தண்ணீருக்குள் 2 வாளி கடல் தண்ணீர் போதும், முழுவதும் கெட.

இதற்கு மேலே நீங்கள் கேட்காத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. தோட்டக்காணியும் நல்ல தண்ணீரும் உள்ள மேட்டுப் பகுதியை விட்டு, நீரேரி விளிம்பில் ஏன் இத்தனை சின்னக் குறிச்சிகள் இருக்கின்றன? நிலத்தின் அமைப்பு மட்டும் காரணம் அல்ல. யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், யார் கிணற்றடிக்கே வரக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்த காலம் எங்களுக்கு வெகு தூரத்தில் இல்லை. குடத்தோடு நின்று, இன்னொருவர் அள்ளி ஊற்றும்வரை காத்திருந்தவர்களோடு நான் கதைத்திருக்கிறேன். நல்ல தண்ணீரில் பங்கு கிடைக்காதவர்கள் மிஞ்சிய நிலத்தில் குடியிருந்தார்கள். உங்கள் குறிச்சியின் கதை என்ன என்று எனக்குத் தெரியாது, ஊகிக்கவும் மாட்டேன். ஆனால் உவர்க் கிணறுகளை வரைபடத்தில் புள்ளியிட்டுப் பார்த்த ஒருவன் இதைச் சொல்லாமல் விட்டால் பாதியைத்தான் சொன்னவனாவான்.

இனி, இங்கிருந்துகொண்டு நான் சொல்ல முடியாதது. உங்கள் கிணறு எதனால் உவர்க்கிறது என்பதை எழுத்தை வாசித்து முடிவு செய்ய முடியாது. முதலில் அது உவர்தானா என்று பாருங்கள். எங்கள் சுண்ணக்கல் தண்ணீர் இயல்பாகவே கடினம். கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கிறது, சவர்க்காரம் நுரைக்கவில்லை, பருப்பு அவியப் பஞ்சிப்படுகிறது என்றால் அது கடினத்தன்மை, உப்பு அல்ல. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். வெங்காயத் தாள் நுனி கருகுகிறது, வெறும் தேத்தண்ணியிலேயே உப்புத் தெரிகிறது என்றால் அது உவர். அப்படியென்றால், மின்கடத்துதிறன் அளக்கிற சின்ன மீற்றர் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி மூன்று தரம் அளப்பியுங்கள்: புரட்டாதியில் மழைக்கு முன், தையில் மழைக்குப் பின், மூன்றாவதாக ஏதாவது ஒரு நாள் மோட்டர் போடமுன்னும் ஒரு மணித்தியாலம் ஓடின பின்னும். தையில் நன்றாக இறங்கிப் புரட்டாதியில் ஏறினால் நீரேரியும் கோடையும்தான் காரணம். ஒரு மணித்தியாலத்திலேயே ஏறினால் உங்கள் மோட்டர்தான் காரணம், அதை நீங்களே திருத்தலாம். இரண்டு பருவத்திலும் ஒரே மாதிரி உயர்வாக நின்றால் பக்கத்துத் தோட்டங்களின் இறைப்பைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வளவால் தீர்வு இல்லை.

நீரேரிதான் காரணம் என்றால் அதற்கும் ஒரு வழி ஏற்கெனவே யோசிக்கப்பட்டது. தொண்டைமானாற்று வாயில் கடல் ஏறாமல் மறிக்கிற உவர்நீர்த் தடுப்பணை 1950களின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. மாரியில் கதவைத் திறந்து வெள்ளத்தைக் கடலுக்கு விட்டு, பிறகு மூடி, மழைத் தண்ணீரை உள்ளே வைத்திருந்தால் வருடா வருடம் உப்புக் கழுவுப்பட்டுப் போகும். 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் இதையும் தாண்டி ஒரு திட்டம் போட்டார். வன்னியில் இருந்து வருகிற கனகராயன் ஆறு ஆனையிறவு நீரேரியில் வீணே விழுகிறது, அந்தத் தண்ணீரை முள்ளியானில் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குள் கொண்டுவந்தால் குடாநாட்டுக்கு ஒரு ஆறே கிடைக்கும் என்றார். பாதி வேலை நடந்தது, முழுதாக முடியவில்லை. போர்க்காலத்தில் அணைக் கதவுகளும் பழுதாகி ஒழுகின. கதவு ஒழுங்காக மூடி நின்ற வருடங்களில் கரைக் கிணறுகளின் எண் இறங்கியதை நானே அளந்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கம் சத்தம் போட வேண்டிய இடம் அதுதான்.

உங்கள் காசுக்கு வருகிறேன். அம்மாவுக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு 15 லீற்றர் தாராளம். வருடம் முழுவதற்கும் 5,500 லீற்றருக்குள்தான் வரும். 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 90 லீற்றருக்குக் கிட்டக் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வடிந்து வீணாவது போக மிஞ்சுவதே அந்தத் தேவையைப் போலப் பல மடங்கு. ஆகவே 5,000 லீற்றர்த் தாங்கி ஒன்று, கூரைத் தண்ணீரை ஏந்த நல்ல பீலி, முதல் இரண்டு மழையை வெளியே விட ஒரு திருகு, வாயில் நுளம்பு போகாத வலை. இவ்வளவுதான் வேண்டும். கூரை அஸ்பெஸ்டஸ் என்றால் அந்தத் தண்ணீரைக் குடிக்க எடுக்க வேண்டாம், முதலில் கூரையை மாற்றுங்கள்.

கிணற்றை மூடவும் வேண்டாம். குளிக்க, தோய்க்க அது போதும். மோட்டரின் உறிஞ்சு குழாயை அடியில் இருந்து எடுத்து, ஒரு மிதவையில் கட்டி, தண்ணீரின் மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நிற்க விடுங்கள். ஆச்சி வாளியால் செய்ததைக் குழாயால் செய்கிறீர்கள். காலை அரை மணித்தியாலம், பின்னேரம் அரை மணித்தியாலம் என்று பிரித்து ஓட விடுங்கள். ஒரேயடியாக ஓட விடக்கூடாது. வளவைச் சுற்றி மதில் கட்டுகிற எண்ணம் இருந்தால், மழைத் தண்ணீர் ஒழுங்கையால் ஓடி நீரேரிக்குப் போகாமல் வளவுக்குள்ளேயே இறங்க வரம்பு ஒன்று போடுங்கள். குறிச்சியில் தூர்ந்துபோன குளமோ கேணியோ இருந்தால், குழாய்க்கிணற்றுக்கு வைத்த காசில் அதைத் தூர் எடுப்பது எல்லோருடைய கிணற்றுக்கும் உதவும். எந்தக் கிணற்றையும் விட அதற்குத்தான் நான் காசு கொடுப்பேன்.

உப்பைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்து இன்னொன்றை விட்டுவிடக்கூடாது. தோட்டத்துக்குப் போடுகிற யூரியாவும் மலசலகூடக் குழியும் கிணற்றில் நைத்திரேற்றைக் கூட்டும். அதற்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை, கொதிக்க வைத்தாலும் போகாது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலே இருந்தால் கைக்குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வரப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். வருமுன் ஆய்வுகூடத்தில் ஒருக்கால் பார்ப்பியுங்கள். இனிக்கிற கிணறு என்றதற்காகச் சித்தி வீட்டையும் விட வேண்டாம். மணல் வழியே குழித் தண்ணீர் வருவது சுலபம்.

தாளையடியில் கடல் தண்ணீரைச் சுத்திகரிக்கிற நிலையம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் அளவில். குழாய் அம்மாவின் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். வந்திருந்தால் இணைப்பை எடுங்கள், கிணற்றுக்கு ஓய்வு கிடைக்கும். வராவிட்டால் தாங்கியை ஆவணிக்குள் வைப்பித்துவிடுங்கள், புரட்டாதி பிந்தினால் மேசன்மாரைப் பிடிக்க முடியாது. பீலி பொருத்துகிறவரிடம் தாங்கியை அடுப்படிப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். அம்மா குடத்தோடு முற்றம் தாண்ட வேண்டியிருக்காது.